நாலு விரற்கடை

மதூப்பித் தீவில் நிலம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் தெரியாது. பிள்ளை வளர்வது பெற்றவளுக்குத் தெரியாத மாதிரிதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போட்ட இடத்தில் இன்றைக்குக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. ரபாவுல் விரிகுடாவே எந்தக் காலத்திலோ வெடித்து உள்ளே இடிந்து விழுந்த எரிமலையின் வாய்தான்; கடல் வந்து அதில் குடியேறிவிட்டது. அடியில் நெருப்பு இன்னும் புரண்டு படுக்கிறது, அது புரளும்போதெல்லாம் தீவின் தென்கரை மேலே வருகிறது. இது மதூப்பித்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எதிரே தவுர்வுர் எரிமலையின் அடிவாரத்தில் சூடான மணலைத் தோண்டிக் காட்டுக்கோழி முட்டை எடுத்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நிலம் ஏறினால் கரை நீளும். நீண்ட கரை யாருக்கு? அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் எல்லையில் சிவப்பு இலைக் குரோட்டன்ஸ் செடிகளை வரிசையாக நட்டிருக்கும். கடல் பின்வாங்க வாங்க, வரிசையின் நுனியில் இன்னொரு செடியை நட்டுக்கொண்டே போவார்கள். செடி எதுவரை போகிறதோ நிலமும் அதுவரை. நட மறந்தவன் பாடு திண்டாட்டம்.

அந்த ஊரில் நிலம் தாய்வழிச் சொத்து. மாமனிடமிருந்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். அப்பன் நிலத்தில் மகன் குடிசை போட்டு இருக்கலாம். அப்பன் கண்ணை மூடியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தன் தாய்மாமன் நிலத்துக்குப் போக வேண்டும். இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, ராத்திரி பெண்டாட்டியிடம் முணுமுணுத்தார்கள்.

தபீத்தா புருஷனை இழந்து, இரண்டு மகள்களோடும் ஒரு மகனோடும் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் தோகியால்தான் இப்போது அவர்கள் வம்சத்துக்குப் பெரியவன். அவனும் மனைவி லெவினாவும் இரண்டு மகன்களும் பக்கத்திலேயே, அதே வம்ச நிலத்தில் இருந்தார்கள். தபீத்தாவின் பங்கு துண்டு நிலம். வீடு போட்டது போக பத்து வாழை நிற்கும். ஆனால் அது கடலைப் பார்த்த துண்டு. ஏறிய கரை மட்டும் அவளுக்கு இருபத்தைந்து அடி கூட்டிக் கொடுத்திருந்தது. மூத்தவள் மிரியாமுக்குக் கல்யாணப் பேச்சு வரும் வயது. அந்த இருபத்தைந்து அடியில் அவளுக்கொரு வீடு, இன்னும் கொஞ்சம் கரை வந்தால் சின்னவளுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே படகு இழுத்துப்போட ஒரு சந்து. தபீத்தா கணக்காகக் குரோட்டன்ஸ் நட்டுக்கொண்டு வந்தாள். கடவுளும் நெருப்புமாகச் சேர்ந்து விதவைக்குச் சீதனம் அனுப்புகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

தோகியாலுக்கு எரிமலை ஆபீஸில் வேலை. ஆபீஸ்காரர்கள் மட்டம் பார்க்கும் குழல் வைத்துப் பார்க்கும்போது, எட்ட நின்று கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீளக் கம்பை ஆடாமல் பிடிக்க வேண்டும். நிலம் எவ்வளவு ஏறியது என்பதை அந்தக் கம்பு சொல்லும். தோகியால் அந்த அளவைத் தன் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வான். ரேடியோவில் ஆபீஸ்காரன் பேசும் ஆங்கிலத்தை நம்பாத தீவு, தோகியாலின் நோட்டை நம்பியது. பாக்கு மென்றுகொண்டே வழிமறிப்பார்கள்.

“என்னப்பா, இந்தத் தடவை எவ்வளவு?”

“ஒரு விரக்கடை.”

“அவ்வளவுதானா? அப்ப கொப்பரையைக் காயப்போடலாம்.”

எண்பத்து நாலாம் வருடம் ஏப்ரலில் பூமி தினம் நூறு தடவை உதறியது. அடுப்பில் வைத்த பானை தானாக நகர்ந்தது. ஒரு மத்தியானம் தோகியால் வேலையிலிருந்து நேராகத் தபீத்தாவின் வாசலுக்கு வந்தான். சட்டை முழுக்க வேர்வை. நோட்டைத் திறந்து காட்டினான்.

“தபீத்தா, உக்காரு. ஒரே மாசத்துல நாலு விரக்கடை ஏறியிருக்கு. இத்தனை வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்ல. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிரு. தோமாவுல உன் நாத்தனா இருக்கால்ல?”

“நாலா? அண்ணே, விளையாடாத.”

“இதுலயா விளையாடுவேன்? உன் பிள்ளைங்க யாரு? என் வம்சம். அதுங்களுக்கு ஒண்ணுன்னா செத்துப்போன மாமனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நீங்க எல்லாரும்?”

“சனிக்கிழமை கிளம்பிருவோம். மேட்டுல இருக்கிற லெவினாவோட அண்ணன் வீட்டுக்கு. நீ முதல்ல போ.”

தபீத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டுக்குப் போகும் முன் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறானே! வேர்வை துடைக்கத் துண்டு கொடுத்தாள், இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பாய், பானை, பைபிள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் கட்டினாள். ரபாவுல் டவுனுக்கு மண்பாதையில் போகும் வண்டியில் ஏறும் முன் கரைக்கு ஓடி, தன் எல்லைச் செடியில் ஐந்து கிளை ஒடித்துக்கொண்டு வந்து அண்ணன் கையில் வைத்தாள்.

“அண்ணே, நான் வர்றதுக்குள்ள கரை இன்னும் நீண்டுச்சுன்னா இதை என் வரிசையில முன்னால நட்டு வை. ஆபீஸ் வேலையா இந்தப் பக்கம் வருவேல்ல, அப்ப.”

“இதெல்லாம் சொல்லணுமா? போ, போ.”

எல்லைச் செடியை அடுத்தவர் கையில் கொடுப்பது மதூப்பித்தில் யாரும் செய்யாத காரியம். கூடப்பிறந்தவன் அடுத்தவனா என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்புக்குத்தான் பின்னால் செருப்படி விழுந்தது.

தோமாவில் ஐந்து மாதம். நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆனாலும் நாலு வாயைக் கூடுதலாகப் பார்த்தால் யாருக்கும் முகம் சுருங்கும். கொக்கோ காயவைக்கும் கொட்டகையில் படுத்தார்கள். தபீத்தா விடியுமுன் எழுந்து நாத்தனாரின் தோட்டத்தில் கிழங்கு தோண்டினாள், கொக்கோ உடைத்தாள். மிரியாம் பள்ளிக்கூடத்தை விட்டவள் விட்டவள்தான். சாயங்காலம் மேட்டில் ஏறி நின்றால் தூரத்தில் விரிகுடா தெரியும், தவுர்வுர் தெரியும். வெடித்துவிட்டதா என்று தினமும் பார்ப்பாள். வெடிக்கவில்லை. செப்டம்பரில் உதறல் குறைந்தது, டவுனுக்கு ஜனங்கள் திரும்பினார்கள். அவளும் மூட்டையைத் தூக்கினாள்.

வீடு நின்றது. கொஞ்சம் சாய்ந்திருந்தது, பரவாயில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு நேரே கரைக்குப் போனாள். அவளுடைய குரோட்டன்ஸ் வரிசை, அவள் விட்டுப்போன இடத்தில்கூட இல்லை. பழைய கடல் விளிம்போடு முடிந்திருந்தது. அவள் கையால் நட்ட நுனிச் செடிகளைப் பிடுங்கியிருந்தார்கள். அந்த இடத்திலிருந்து தண்ணீர்வரை முப்பத்தைந்து அடிப் புது மண்ணில் தென்னங்கன்று வரிசையாக நின்றது. அவள் வரிசைக்குக் குறுக்கே, அதைச் சுற்றிப் புதிதாக ஒரு குரோட்டன்ஸ் வேலி. நடுவில் ஓலைக் கொட்டகை. கொட்டகைக்குள் தோகியாலின் மூத்த மகன் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான்.

“யாருடா நட்டது?” என்றாள்.

“அப்பாதான், அத்தை.” எழுந்து உட்கார்ந்தான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாது. “நானும் தம்பியும் ஏப்ரல்ல இருந்து இங்கதான் காவல் படுக்கிறோம்.”

“ஏப்ரல்லயா? நீங்க உங்க மாமன் வீட்டுக்குப் போகல?”

“நாங்க எங்கயும் போகலயே.”

தபீத்தா அந்தக் கன்றுகளுக்கு நடுவே மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிலம் போனதுகூட உடனே உறைக்கவில்லை. துண்டு கொடுத்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்ததும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்து மானத்தை வாங்கியது.

அண்ணனிடம் கேட்டாள். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“உன் நிலம் உன்கிட்டதானே இருக்கு? மாமன் குடுத்ததுல ஒரு கைப்பிடி மண்ணு எடுத்தேனா? இது புதுசு, தபீத்தா. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க.”

“என்னை ஊரைவிட்டு ஓட்டிட்டா நட்ட?”

“ஊருக்குள்ள கத்தாத. பெரியவங்க இருக்காங்க, அங்க பேசிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும் மாமரத்தடியில் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மூத்தவர் எரேமாஸ் வெற்றிலைக்கு மாற்றாக அவர்கள் கடிக்கும் பச்சைக் காயைச் சுண்ணாம்பில் தோய்த்தபடியே ஆரம்பித்தார்.

“வழக்கு தபீத்தாவோடது. அவ வம்சத்துக்காக யார் பேசுறது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெண்ணின் வழக்கை அவள் வம்சத்துப் பெரியவன்தான் எடுத்துப் பேச வேண்டும். அவள் வம்சத்துப் பெரியவன் தோகியால். திருடனிடமே சாவியைக் கொடுத்து வைத்திருக்கிற வழக்கம் அது. அன்றுவரை யாருக்கும் அது உறுத்தியதில்லை.

“நானே பேசுறேன்” என்று தபீத்தா எழுந்தாள். எரேமாஸ் மென்றபடியே பேசு என்று கையை அசைத்தார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். நாலு விரற்கடை, தோமா, ஒடித்துக் கொடுத்த ஐந்து கிளை. எதையும் விடவில்லை.

தோகியால் எழுந்தான். அவனுக்குப் பேச வரும்.

“பாட்டன் பூட்டன் விட்டுப்போன நிலம் தாய்வழி. யாரு இல்லேன்னது? ஆனா இந்தத் துண்டு பாட்டன் காலத்துல என்ன? கடல். மீன் மேஞ்ச இடம். எந்த மாமன் எந்த மருமகனுக்குக் குடுத்தான் இதை? என் கண்ணு முன்னால மேல வந்தது, நான் நட்டேன், என் பசங்க காவல் படுத்தாங்க. இது வம்சத்து மண்ணே இல்ல, எங்க வேர்வை. உங்களுக்கெல்லாம் ஆம்பளப் பிள்ளைங்க இல்லயா? உங்க கரையும்தானே நீளுது?”

சொல்லிவிட்டு ஆண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். தலைகள் ஆடின. ஏன் ஆடாது? ஒவ்வொருவனுக்கும் வீட்டில் மகன் இருந்தான், கரையில் புது மண் இருந்தது. நியாயம் தன் பக்கம் சாயும்போது எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் படும். தபீத்தா பார்த்தாள். நிலம் போய்விட்டது என்று தெரிந்தது. போகட்டும், அவனை ஊர் முன்னால் பொய்யனாக நிறுத்திவிட்டாவது போகலாம் என்று தோன்றியது.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அண்ணே. நிஜமாவே நாலு விரக்கடை ஏறிச்சா? இல்ல, என்னை விரட்டறதுக்காக நீயா சொன்ன கதையா?”

தோகியாலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பு பிடிக்கிறவன் அவன். அளவில் பொய் சொல்வான் என்று தீவே கேட்கும்படி சொல்லிவிட்டாளே! சட்டைப்பையிலிருந்து நோட்டை உருவினான்.

“அளவுல நான் பொய் சொல்றவனா? எரேமாஸ் ஐயா, நீங்களே படிங்க. ஏப்ரல் பக்கம். நாலு. தென்கரை ஓரத்துல, அந்தக் கொட்டகை நிக்கிற இடத்துல, நாலரை. எப்ப வேணா வாயைப் பிளக்கும்னு ஆபீஸ்லயே பெட்டி கட்டி வச்சிருந்தோம். இவளுக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். இவ உசிரைக் காப்பாத்தினேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை இது!”

எரேமாஸ் நோட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “நாலுதான். ஓரத்துல நாலரை” என்றார்.

 அது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று தபீத்தாவுக்குத் தோன்றியது. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் அவனை வெறுப்பது சுலபம். உண்மையைச் சொல்லியே வெளியேற்றியவனை என்ன சொல்லித் திட்டுவது?

அப்போது பெண்கள் பக்கத்தில் லெவினா எழுந்தாள். அதுவரை அவள் தபீத்தாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, எங்கிட்ட அரை விரக்கடைன்னு சொன்னீங்க.”

தோகியால் திரும்பினான்.

“ஏப்ரல்ல. ஈஸ்டருக்கு மறுநாள். நான் கிளம்பலாம்னு மூட்டை கட்டினப்ப. அடங்கிருச்சு, வெறும் அரை விரக்கடைதான், தபீத்தா பயந்தாங்கொள்ளி, அவ போறா, நாம எதுக்குப் போகணும்னு சொன்னீங்க. கன்னு காஞ்சிரும், பசங்க அங்கயே படுக்கட்டும்னு சொன்னீங்க.”

“லெவினா, வீட்டுல போய்ப் பேசலாம்.”

“நாலரை ஏறின இடத்துல என் பிள்ளைங்களைப் படுக்கவச்சீங்களா?” அவள் கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் கலக்கியது. “உங்க தங்கச்சி பிள்ளைங்க உங்க வம்சம், அதுங்களைப் பத்திரமா அனுப்பிட்டீங்க. என் பிள்ளைங்க என் வம்சம்தானே. கரையைப் பிடிக்க அதுங்களை முளைக்குச்சி மாதிரி அடிச்சு வச்சிட்டீங்க.”

“அவனுங்களுக்காகத்தானே நான் இத்தனையும்...”

“வெடிச்சிருந்தா யாருக்குக் கொடுத்திருப்பீங்க அந்தத் தென்னையை?”

வழக்கைக் கேட்க மேட்டிலிருந்து வந்திருந்த லெவினாவின் அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தான்.  மருமகன்கள் இருவரையும் தோளில் தட்டி எழுப்பித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். சற்றுமுன் ஆடிய தலைகள் எல்லாம் கீழே தொங்கின. ஒவ்வொருவனும் ஏப்ரலில் தன் மகன் எங்கே படுத்தான் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எரேமாஸ் காயைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பழைய நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மண் பழைய நிலத்தைச் சேர்ந்தது. கரை தபீத்தாவுக்கு. தென்னங்கன்றை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம்.

தபீத்தா ஜெயித்தாள். யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வழியில் லெவினா அவளைக் கடந்து போனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே நோட்டு இருவரையும் ஏமாற்றியிருந்தது. தபீத்தாவுக்குச் சொன்னது உண்மை, லெவினாவுக்குச் சொன்னது பொய். எது மோசம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் லெவினா மகன்களோடு தன் அண்ணன் நிலத்துக்குப் போய்விட்டாள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீட்டில் கொஞ்ச நாள் தனியாகச் சமைத்துக் கரித்துத் தின்றுவிட்டு, தோகியால் ஒரு டிரங்குப் பெட்டியோடு தபீத்தாவின் வாசலில் வந்து நின்றான். விரட்ட முடியாது. வம்சத்து ஆண், வம்சத்து நிலம்; அவனுக்கு உரிமை இருந்தது. தபீத்தா சமையல் கொட்டகையைக் காட்டினாள். வேளைக்குச் சோற்றை மிரியாமிடம் கொடுத்து அனுப்பினாள். அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். கூப்பிட வேண்டியிருந்தால் தோகியால் என்று பெயரைச் சொன்னாள், கடைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. அவன் தினமும் கம்பு பிடிக்கப் போனான், வந்தான். ஊரில் யாரும் அவனை நிறுத்தி எவ்வளவு என்று கேட்பதில்லை.

மிரியாமின் வீட்டுக்குப் புதுக் கரையில் தூண் நட்டார்கள். ஓலை வேய்வதுதான் பாக்கி.

ஜனவரியில் ஒரு காலை, பூமி மறுபடி உதறியது. தூணில் சாய்த்து வைத்திருந்த மூங்கில்கள் சரிந்தன. பத்து மணிக்குத் தோகியால் ஓடி வந்தான். அதே வேர்வை. நோட்டைப் பிரித்து நீட்டினான்.

“தபீத்தா, மூணு வாரத்துல அஞ்சு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. இப்பவே.”

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கோடுகளும் எண்களும். அதில் அவளுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் கிளம்பவில்லை. தவுர்வுர் எப்போதும்போல் கொஞ்சம் புகைந்தது.

“நீ?” என்று கேட்டாள்.

“நான் இருந்து வீட்டைப் பார்த்துக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. 

தபீத்தா பிள்ளைகளைக் கூப்பிட்டாள். பாயைச் சுருட்டினாள், பானையைக் கட்டினாள். எல்லாவற்றையும் மூத்த பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டு, அவனுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள்.

“நீ முன்னால நட.”

“தபீத்தா, சத்தியமா இந்த அளவு...”

“சத்தியம்னு தெரியும். போன தடவையும் சத்தியம்தான் சொன்ன. நட.”

தீவையும் டவுனையும் இணைக்கிற மண்பாதையில் வெயில் ஏறியிருந்தது. முதலில் தோகியால் பெட்டியோடு போனான். அவன் பின்னால் பிள்ளைகள். கடைசியில் தபீத்தா, அவன் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தாள். பாதி வழியில் அவன் பெட்டியைத் தோள் மாற்றிக்கொள்ள நின்று, தலையைத் திருப்பினான்.

“திரும்பாத” என்றாள் தபீத்தா. அவன் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.